கட்டத்தில் ஏறாத சுருட்டு

அத்தியாயம் 14

தொப்பென்று ஒரு சத்தம். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்த வள்ளிக்கண்ணு, அடுத்து வரப்போகும் அலறலுக்குக் காதைக் கொடுத்தபடி அப்படியே நின்றாள்.

அலறல் வரவில்லை.

ஈரக் கையோடு பின்கொட்டகைக்கு ஓடினாள்.

அவள் புருஷன் வீரப்பன் பலகையில் உட்கார்ந்து, பாதி துளைத்த நிலைச்சட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். மரச்சுருளைக் கிளறினான். சாக்கைத் தூக்கிப் பார்த்தான்.

"இந்தா புள்ள, கொட்டாப்புளியப் பாத்தியா? கையவிட்டு நழுவிருச்சு."

உளியை அடிக்கிற அந்தக் கனத்த மரச்சுத்தி அவனுடைய இடது பாதத்தின் மேலேயே கிடந்தது.

வள்ளி விரலை நீட்டிக் காட்டினாள். வீரப்பன் குனிந்து பார்த்தான். யாரோ வந்தவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன செருப்பைப் பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தான். சுண்டுவிரலுக்கு மேலே தோல் கிழிந்து தொங்கியது. சொட்டு ரத்தம் இல்லை.

"வலிக்கலையே" என்றான், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவன் மாதிரி.

இரண்டு நாளைக்கு முன்புவரை போர்வை நுனி பட்டாலே துடித்துப்போகிற கால் அது. இரண்டு வருஷமாக அந்த வலியோடுதான் அந்த வீடு படுத்தது, எழுந்தது. வியாழக்கிழமை காலையில் வலி திடீரென்று நின்றதும், வீரப்பனின் அக்காள் பிச்சையம்மாள், கருப்பர் கண் திறந்துவிட்டார் என்று சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவெல்லாம் கொடுத்தாள். வள்ளியும் கூடவே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்று எதிர்வீட்டில் சொன்னதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்றைக்குச் சனிக்கிழமை. டாக்டர் பூமிநாதன் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு வருகிற நாள்.

வள்ளி காலைத் துணியால் சுற்றினாள். துணிக்குள் போகும்போது பார்த்தாள். போன வாரம் விரல்களோடு நின்றிருந்த கருநீலம் இப்போது கணுக்காலைத் தொட்டிருந்தது. பாதம் கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்று இருந்தது.

"டாக்டரப் பாக்கப் போவோம், கிளம்புங்க" என்றாள்.

நடக்க முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது, நீயே அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மாத்திரை வாங்கி வா என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீரப்பனுக்கு வந்திருப்பது வெளிநாட்டு டாக்டர் ஒருவரின் பேரைச் சுமந்த வியாதி. வாயில் நுழையாத அந்தப் பேரை விட்டுவிட்டு, தெருவில் எல்லோரும் பீடி வியாதி என்றே சொன்னார்கள். புகை போகப் போக, காலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வரும். மருந்து கிடையாது. புகையை நிறுத்தினால் வியாதியும் நிற்கும். நிறுத்தாவிட்டால் விரல், பிறகு பாதம், பிறகு கால். நாளைக்கு நாற்பது பீடி பிடித்தவன் வீரப்பன். உளியைக் கீழே வைத்த கையால் பீடியை எடுப்பான், பீடியைப் போட்ட கையால் உளியை எடுப்பான்.

ஆவணியில் முதல் தடவை போனபோதே டாக்டர், கறுத்துப்போன சுண்டுவிரல் ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம், கூடவே பீடியையும் விட்டுவிட்டால் கால் தப்பிக்கும் என்றார். வீட்டில் சாமியைக் கேட்டார்கள். காலில் இரும்பு படக்கூடாது என்று கருப்பர் சொல்லிவிட்டார். கருப்பர் சொன்ன பிறகு வள்ளி கையெழுத்துப் போடுவாளா? போடவில்லை.

பீடியையாவது விடட்டும் என்றுதான் டாக்டர் அவனைத் தன் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். காரைக்குடியிலும் சுற்றுப்பட்டிலும் இருபத்திரண்டு ஆண்கள். பஸ் டிரைவர், அரிசி ஆலைக்காரர், முடிதிருத்துகிறவர், இவன். ஆளுக்கொரு மாத்திரைக் குப்பி. குப்பியில் பேர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். பாதிப் பேருக்குப் புகையிலை ஆசையைத் தணிக்கிற மருந்து, பாதிப் பேருக்குச் சும்மா மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பன்னிரண்டு வாரம் முடிந்து சென்னையில் உறையைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

பிச்சையம்மாளுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. "சுண்ணாம்பக் குடுத்து ஏமாத்துறாக. வெத்தலையில தடவித் தடவித் தின்னவனுக்கே பீடி மறக்கல, மாத்திரையாத் தின்னா மறந்துருமாக்கும்" என்றாள்.

ஆனால் மறந்தது. அதுதான் அந்த வீட்டில் நடந்த அதிசயம்.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் வீட்டுக்காரிகளுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு கட்டம். அன்றைக்கு எத்தனை பிடித்தாரோ அதை எழுத வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, தன் பேரை மட்டும் எழுதத் தெரிந்த வள்ளிக்கு நர்ஸம்மா எண்களைச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் முப்பத்தெட்டு. பிறகு இருபத்தாறு. பதினொன்று. நான்கு. மூன்றாம் வாரம் முதல் தடவையாக ஒரு பூஜ்யம் போட்டாள். கைவளையலை வைத்து வரைந்ததுபோல அத்தனை வட்டமாக வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து நாள், முப்பத்தைந்து பூஜ்யம். டாக்டர் அந்த அட்டையை மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டினார். வள்ளியின் வாழ்க்கையில் அவளை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அட்டையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறினாள்.

டாக்டர் பூமிநாதன் அட்டையைக் கையில் வாங்கவில்லை. மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக, வாங்கம்மா பூஜ்யக்காரம்மா என்று சிரிப்பவர், உட்காருங்க என்று மட்டும் சொன்னார்.

வள்ளி கொட்டாப்புளி விழுந்ததைச் சொன்னாள். வலி நின்றதைச் சொன்னாள். கருநீலம் எதுவரைக்கும் என்று தன் காலிலேயே தொட்டுக் காட்டினாள். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"வலி நின்னது குணமானதால இல்லம்மா" என்றார். "வலிக்கிறதுக்கு அங்க உசிர் இல்ல."

வள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். வியாழக்கிழமைப் பொங்கலின் இனிப்பு தொண்டைக்கு ஏறி வந்தது.

டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். போன சனிக்கிழமை காலையில் வீரப்பனிடம் எடுத்த ரத்தத்தின் முடிவு அது. அந்த ரத்தத்தில் புகை இருக்கிறது என்றார். கொஞ்சநஞ்சமில்லை, முந்தின நாள்கூட நன்றாகப் பிடித்தவனுடைய ரத்தம். இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் பழையபடி பீடிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த நாலு பேரில் வீரப்பனைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார். பீடியை விட்டவனுக்குக் காலில் கறுப்பு ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று மூன்று வாரமாகத் தூக்கம் இல்லாமல் புத்தகங்களைப் புரட்டியிருந்தார். இப்போது தெரிந்துவிட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

"பொய் எழுதினா எனக்கு நஷ்டமில்லம்மா. உங்களுக்குத்தான்."

வள்ளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கட்டத்தில்கூடப் பொய் எழுதவில்லை, பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் சத்தியம் என்றாள். சட்டைப் பை, கொட்டகைக் கூரை, மரச்சுருள் மூட்டை எல்லாவற்றையும் தினம் சோதிக்கிறாள். தெருமுனைப் பெட்டிக்கடையில் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் வாயை முகர்ந்து பார்க்கிறாள். ஒரு பீடி, ஒரு துண்டுப்பீடி கிடையாது.

"வாயில வாசமே வந்ததில்லையா?"

"சுருட்டு வாசம் வரும். அது சாமி குடிச்சது."

டாக்டர் நிமிர்ந்தார்.

வள்ளி சாதாரணமாகத்தான் சொன்னாள். இவருக்கு இது தெரியாதா என்றுகூட அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீரப்பன் அவர்கள் பங்காளிகளுக்குக் கருப்பர் சாமியாடி. அவன் அப்பாவுக்குப் பிறகு சாமி அவன்மேல்தான் இறங்குகிறது. கருப்பர் வந்தால் சுருட்டுக் கேட்பார். கட்டோடு கொடுக்க வேண்டும். குடித்துவிட்டுத்தான் வாக்குச் சொல்வார்.

"அத ஏன் அட்டையில எழுதல?"

"அது எப்படிங்க எழுதுறது? குடிச்சது அவுக இல்லையே. சாமி குடிச்சத இவுக கட்டத்துல போட்டா அடுக்குமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. வையவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார். எப்போதெல்லாம் சாமி வரும் என்று கேட்டார்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. புரட்டாசியிலிருந்து செவ்வாயும் சேர்ந்தது. பிறகு அமாவாசை, கிருத்திகை. இந்தப் பதினைந்து நாளாகத் தினமும் விளக்கு வைத்ததும் வந்துவிடுகிறார். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கருப்பருக்கு எங்கள்மேல் இரக்கம் கூடிவிட்டது என்று மதினி சொல்வாள் என்றாள் வள்ளி.

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே ஒருமாதிரி விழுந்தது.

டாக்டர் மெதுவாகப் பேசினார். இந்த வியாதிக்கு நாளைக்கு ஒன்று போதும், வாரத்துக்கு நாலு போதும். உள்ளே போன புகையை யார் குடித்தது என்று அந்தக் கால் கேட்காது. ஆவணியிலேயே விரலை எடுத்திருந்தால் விரலோடு போயிருக்கும். இனிமேல் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப்போட்டால் தொடைக்கு ஏறும், அதற்கும் மேல் உயிருக்கு ஏறும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய ஜீப் மதுரைக்குத் திரும்புகிறது. வள்ளியின் ஊரான குன்றக்குடி வழியாகத்தான் போகும். ரோட்டோரம் நிறுத்துகிறேன், நான் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையோடு அழைத்துப் போகிறேன் என்றார். சம்மதக் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"யாரக் கேக்கணுமோ கேட்டுக்கங்க. அஞ்சு மணிக்குள்ள."

திரும்பி வருகிற பஸ்ஸில் வள்ளிக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார மறந்துபோனாள். மாத்திரை ஆரம்பித்த பிறகு சாமி அடிக்கடி வருகிறது. பீடி குறையக் குறையச் சாமி கூடுகிறது. அந்த நினைப்பு வந்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் குன்றக்குடி மலையைப் பார்த்துக் கும்பிடுகிறாள் என்று நினைத்துத் தானும் ஒரு கும்பிடு போட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலு.

பிச்சையம்மாள் விஷயத்தைக் கேட்டதும் அழவில்லை. இருபது வயதில் தாலியறுத்து வந்து, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அழுகையெல்லாம் அப்போதே தீர்ந்துவிட்டது என்பாள். டாக்டருக்குக் கால் வெட்டப் பழக வேண்டும், அதற்கு என் தம்பிதான் கிடைத்தானா என்று கேட்டாள். சுருட்டைப் பற்றி டாக்டர் சொன்னதை வள்ளி தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் அவள் முகம் மாறியது.

"சாமிக்குக் குடுக்குறத நிறுத்துன்னு சொன்னானா? நீயும் கேட்டுட்டு வந்தியாக்கும்."

"நிறுத்தச் சொல்லல மதினி. கால் போயிரும்னு சொன்னாரு."

"அத எங்க கேட்டமோ அங்கயே கேப்போம். அவன் சொல்லி நாம செய்யிறதில்ல" என்று பிச்சையம்மாள் முடித்துவிட்டாள்.

வள்ளிக்கும் அதற்கு மறுப்பு இல்லை. அதுதான் உண்மை. காகிதத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவள் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கருப்பர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எடு என்றால் எடுத்துவிடலாம். மூன்று பேரும் மூன்று கரண்டிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஒற்றைக் காலோடு அவன் உட்கார்ந்து உளி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். ஆவணியில் மறுத்த வாயாலேயே இப்போது சரி என்று சொல்லிவிட்டால் போதும்.

வீரப்பனைத் தூக்கிக்கொண்டு போய் உள்வீட்டில் சாமிச் சாமான் வைத்த கருப்பர் பெட்டிக்கு முன்னால் மனைப்பலகையில் உட்கார வைத்தார்கள். அவன் மறுக்கவில்லை. இடது கால் துணிச் சுருளாக முன்னால் நீண்டு கிடந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவே இல்லை. வள்ளியின் கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு அதைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தான்.

பிச்சையம்மாள் சாம்பிராணி போட்டாள். கட்டைக்குரலில் கருப்பரை வர்ணித்துக் கூப்பிட ஆரம்பித்தாள். குதிரையைச் சொன்னாள், அரிவாளைச் சொன்னாள், காவல் நிற்கிற எல்லையைச் சொன்னாள். வீரப்பனின் தோள் குலுங்கியது. கண் செருகியது. பல்லைக் கடித்து ஹூம் என்றான்.

வலது கை நீண்டது.

பிச்சையம்மாள் சுருட்டுக் கட்டை எடுக்கப் போனாள். வள்ளி அவளுக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள்.

"குடுடீ" என்றாள் பிச்சையம்மாள், அடித் தொண்டையில்.

கொடுத்தால் கால் போகும். கொடுக்காவிட்டால் சாமி வாய் திறக்காது. சாமி வாய் திறக்காவிட்டால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லையென்றால் ஆளே இல்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? முப்பத்தைந்து நாள் அவன் சட்டைப் பையை முகர்ந்து பார்த்த மூக்கு, இப்போது காய்ந்த புகையிலையை முகர்ந்துகொண்டு நின்றது.

அவளே தீக்குச்சியைக் கிழித்தாள். அவளே பற்ற வைத்தாள். நுனி சிவந்ததும் அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

அவன் இழுத்தான். இழுத்தபோது முகத்தில் அவ்வளவு நேரம் இருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்தது. இரண்டாவது இழுப்பு. மூன்றாவது. உள்வீடு முழுக்கப் புகை. வள்ளி அவன் முன்னால் மண்டியிட்டு, காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.

"அய்யா, ஆவணியில விரல எடுக்கவான்னு கேட்டோம். இரும்பு படக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீக. ஒங்க வாக்கத் தட்டல. இப்ப முழங்கால் வரைக்கும் கேக்குறாக. சரின்னா சரின்னு சொல்லுங்க, இந்தா போட்டுர்றேன் கையெழுத்து. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, கூடவே நானும் போயிர்றேன். எதுன்னாலும் நீங்க சொல்லணும்."

பிச்சையம்மாளின் வர்ணிப்பு நின்றுவிட்டது. அவளும் கைகூப்பி நின்றாள்.

சாமி பேசவில்லை. குலுங்கிக்கொண்டிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ரோட்டில் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது.

"அய்யா, வந்துட்டாக. சொல்லுங்க" என்றாள் வள்ளி.

வீரப்பன் கண்ணைத் திறந்தான். கண்ணில் சிவப்பு இல்லை, ஆவேசம் இல்லை. கொட்டாப்புளியைத் தேடினபோது இருந்த அதே முகம். சுருட்டு அவன் விரலில் புகைந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கீழே போட அந்த நேரத்திலும் அவனுக்குக் கை வரவில்லை.

"அவரக் கேக்காத வள்ளி. சாமி எம்மேல கடைசியா வந்து மூணு வருஷமாச்சு."